தாயார் பெயர்

"சாவியால சுரண்டாதீங்க நர்ஸம்மா, பெயிண்ட் போயிடும்" என்றார் காண்ட்ராக்டர்.

"பெயிண்ட் போனா போகட்டும். தூணே போகுதே, அதுக்கு என்ன சொல்றீங்க?" என்றாள் தலைமை நர்ஸ்.

அவள் சுரண்டிய இடத்திலிருந்து மணல் பொலபொலவென்று கொட்டியது. அதைக் கையில் ஏந்தி, பக்கத்தில் நின்ற பெரியவரின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தார். மாவாகப் போயிற்று.

பிரசவ வார்டுக்கான புதிய மாடிக் கட்டடம் அது. இடம் பெரியவர் கொடுத்தது. அவரைப் பெற்றெடுத்த கையோடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே கண்ணை மூடிய தாயாரின் பெயரில் கட்டச் சொல்லித் தானமாகக் கொடுத்திருந்தார். வாசலுக்கு மேலே கறுப்புப் பளிங்கில் அந்தப் பெயர் பளபளத்தது. மறுநாள் திறப்பு விழா.

நர்ஸ் ஏறி இறங்காத ஆபீஸ் இல்லை. "ஊசி போடறது உங்க வேலை, அதைப் பாருங்க" என்றுதான் எல்லா இடத்திலும் சொன்னார்கள். கடைசியாகப் பெரியவரின் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் பேச்சுக்கு அமைச்சரே கட்டுப்படுவார் என்று ஊருக்கே தெரியும்.

"என்னய்யா இது?" என்றார் பெரியவர். குரலை உயர்த்தவில்லை. காண்ட்ராக்டருக்கு வியர்த்தது அதனால்தான்.

"ஐயா, உங்ககிட்ட மறைக்க என்ன இருக்கு? டெண்டர் கிடைக்கவே கொடுக்கணும். பில் பாஸாகக் கொடுக்கணும். மேல இருக்கறவன், கீழ இருக்கறவன், எல்லாரும் தின்னது போக மிச்சத்துலதான் நான் சிமெண்ட் வாங்கணும். நானும் புள்ளகுட்டிக்காரன்யா."

"உள்ள வந்து படுக்கப் போறவங்களும் புள்ளகுட்டிக்காரிங்கதான்" என்றாள் நர்ஸ்.

பெரியவர் கைத்தடியைத் தரையில் ஓங்கித் தட்டினார்.

"எங்க குடும்பத்துல யார் பேரும் இதுவரைக்கும் கெட்டதில்ல. நாளைக்கு இது சரிஞ்சா ஊரு உன் பேரையா சொல்லும்? எங்கம்மா பேரைச் சொல்லும்யா! நான் உயிரோட இருக்கற வரைக்கும் அது நடக்காது. நட உள்ளே. அமைச்சர்கிட்ட நானே பேசறேன், போனைப் போடு!"

இருவரும் காண்ட்ராக்டர் ஆபீஸாக வைத்திருந்த தகரக் கொட்டகைக்குள் போனார்கள். கதவு மூடிக்கொண்டது. நர்ஸ் வெளியே வெயிலில் நின்றாள். உள்ளே மேஜையை அறையும் சத்தம், பெரியவரின் கர்ஜனை, அதன் பிறகு காண்ட்ராக்டர் இழுத்து இழுத்துச் சமாதானம் சொல்வது எல்லாம் அரைகுறையாகக் கேட்டது. இத்தனை நாளில் முதல் தடவையாக அவள் சார்பில் ஒருவர் சத்தம் போடுகிறார். அவளுக்குக் கண் கலங்கியது.

பெரியவர் வெளியே வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"ஒத்துக்கிட்டாங்கம்மா. காலையில முதல் வேலையா ஆள் வந்துடும்."

"வயித்துல பால் வார்த்தீங்கய்யா!"

அவர் அண்ணாந்து அந்தக் கல்லைப் பார்த்தார். "எங்கம்மா இனிமே நிம்மதியா இருப்பாங்க" என்றார்.

பழைய வார்டில் கட்டிலுக்கு இரண்டு பேர் படுத்திருந்தார்கள். கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்திருந்தது.

"புது வார்டுக்கு நாளைக்குப் போகலை. இடிச்சுட்டு உருப்படியா கட்டப் போறாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் நெருக்கியடிச்சுப் படுங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"என்னோட அடுத்த பிரசவத்துக்காவது கட்டிடுவாங்களா சிஸ்டர்?" என்றாள் நிறைமாதக்காரி ஒருத்தி. வார்டே சிரித்தது. நர்ஸும் சிரித்தாள்.

மறுநாள் காலை உளிச் சத்தம் கேட்டு, வேலையைப் போட்டது போட்டபடி ஓடினாள்.

தூணில் அவள் சுரண்டிய இடத்தில் புதுப் பெயிண்ட் ஈரமாக மின்னியது. வாசலில் சாரம் கட்டி, தாயார் பெயர் பொறித்த கல்லை மட்டும் கீறல் விழாமல் பெயர்த்தெடுத்து, பட்டுத் துணியோடு காத்திருந்த பெரியவரின் கையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"இந்தாங்க நர்ஸம்மா" என்று புது வார்டின் சாவியை நீட்டினார் காண்ட்ராக்டர். "அமைச்சர் வர்றதுக்குள்ள எல்லாரையும் மாடியில கொண்டுபோய்ப் படுக்க வச்சிடுங்க."