ஒன்பதாவது கணு

பஸ் ஓட்டுநர் ஒருவருக்கு மலக்குடல் புற்றுநோய். அறுத்தெடுத்த சதை திங்கட்கிழமை ஆய்வகத்துக்கு வந்தது. முன்பே கொடுத்த கதிர்வீச்சில் நிணநீர்க் கணுக்கள் எள்ளளவாகச் சுருங்கியிருந்தன. ஆய்வகத்து அக்கா கொழுப்பை விரலால் பிசைந்து பிசைந்து தேடி, ஒன்பதைக் கண்டெடுத்து மெழுகில் பதித்தாள்.

புதன்கிழமை டாக்டர் நுண்ணோக்கியில் பார்த்தார்.

"எட்டு சுத்தம். ஒன்பதாவதுல நோய் இருக்கு. அதுதான் கவலை. எதுக்கும் இன்னொரு தடவை வெட்டிப் பாத்துடுவோம்."

வியாழக்கிழமை வெட்டியபோது ஒன்பதாவது கணுவைப் பதித்த கட்டியில் வெறும் மெழுகுதான் இருந்தது. புதன்கிழமை பார்த்த கண்ணாடித் தகட்டிலும் இப்போது ஒன்றுமில்லை. மூலைமுடுக்கெல்லாம் தேடிவிட்டு, "கண்ணுக்குத் தெரியறதத்தானே எழுத முடியும்" என்று டாக்டர் எட்டு என்றே எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஓட்டுநரின் மனைவி அறிக்கை வாங்க வந்தாள். எல்லாம் சுத்தம் என்று அக்கா சொன்னதும் அழுதுகொண்டே சிரித்தாள். கண்ணைத் துடைத்த கை கழுத்துக்குப் போய் எதையோ தடவியது.

"என்னம்மா அது?"

"நேத்து காலையில எழுந்தப்ப நெறி கட்டியிருந்துச்சு. பட்டாணி அளவுதான்."

அக்கா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வலியே இல்லக்கா. அவரு பொழச்சா போதும். இது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."