சுடலையாண்டியைத் துடைத்த கதை

இறந்தவர்களை, அவர்கள் குடியிருந்து பேசும் பழைய கருவியிலிருந்து புதிய கருவிக்கு மாற்றித் தரும் கடையில் தவசிமுத்துதான் கெட்டிக்காரன். இடம் மாறும்போது ஆளோடு கண்ணுக்குத் தெரியாத குறிகள் ஒட்டிக்கொண்டு வரும்; ஒன்றுவிடாமல் கழித்துவிடுவான். செத்தவர்களே பாராட்டியிருக்கிறார்கள். செல்லக்கிளியம்மாளின் கணவர் சுடலையாண்டியையும் அப்படித்தான் பளிச்சென்று துடைத்து, பழைய பிரதியை அழித்து, அனுப்பிவைத்தான்.

மறுநாளே அந்தம்மாள் கருவியோடு வந்து நின்றார். உள்ளே சுடலையாண்டி மழை, மாடு, மருமகன் என்று மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்.

"குரல் அவுக குரல்தான் தம்பி. ஆனா முன்னெல்லாம் ரெண்டு வார்த்தை பேசிட்டு, நான் என்ன சொல்லுதேன்னு நிறுத்துவாக. இப்ப வாயத் தொறக்க விடமாட்டேங்காக. மக மாசமா இருக்கா, அதச் சொல்லணும்."

தவசிமுத்துவுக்குக் காது சுட்டது. குப்பையென்று கழித்ததில் சுடலையாண்டி நிறுத்தும் இடங்களும் போயிருந்தன.

"திரும்பப் போட்டுத் தாங்க தம்பி."

"எல்லாத்தையும் அழிச்சிட்டேம்மா."

அந்தம்மாள் வையவில்லை. வைதிருந்தால் தேவலை. ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"அப்ப நீங்களாவது கேளுங்க. எட்டு வருசங்கழிச்சு உண்டாயிருக்கா..."

தவசிமுத்து தலை நிமிராமல் "ம்" கொட்டினான். சுடலையாண்டி மாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே போனார்.