பதினேழு பழுப்பு

“நிறத்துக்கு ஒரு கட்டம்தாம்மா இருக்கு. அதுல ஒரு நிறம்தான் எழுத முடியும். பழுப்புன்னு போட்டுக்கட்டுமா?”

“போடாதீங்க தம்பி. பழுப்புல மட்டும் பதினேழு பழுப்பு இருக்கு. முப்பது வருஷம் நூல்கடையில வேலை பார்த்தவ நான். எந்தத் துணியைக் காட்டினாலும் அதுக்குப் பொருத்தமான நூல்கண்டை அடுத்த நிமிஷம் எடுத்துக் கொடுப்பேன்.”

குமாஸ்தா பேனாவை மேஜைமேல் வைத்தார். மணி நாலரை. நாய்க் காப்பகத்தின் அந்தச் சின்ன அலுவலக அறையில் இருந்த ஒரே மின்விசிறி, அவரைத் தவிர எல்லாவற்றுக்கும் காற்று வீசிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் இருபத்திரண்டு நாய்கள் முறை வைத்துக் குரைத்தன. ஐந்து மணிக்கு வண்டி வரும். பிடிபட்டு மூன்று நாள் ஆன நாய்களை எல்லாம் ஏற்றிக்கொண்டு வெளியூர் முகாமுக்குப் போய்விடும். போன நாய் போனதுதான்.

“அம்மா, போன வாரம் ஒருத்தர் வந்து ‘பழுப்பு நாய்’னு சொன்னார். தூக்கிக் கொடுத்தேன். மறுநாள் இன்னொருத்தர் வந்து, அது என் நாயாச்சேன்னு இதே நாற்காலியில உட்கார்ந்து அழறார். மேலதிகாரி என்னை வாங்கு வாங்குன்னு வாங்கிட்டார். அதனாலதான் நாயைக் காட்டறதுக்கு முன்னாடியே அடையாளம் கேட்கறேன். சுருக்கமாச் சொல்லுங்க.”

“சுருக்கமாவா? சரி. முதுகு, பால் கொஞ்சமா விட்ட தேநீர் நிறம். வயித்துப் பக்கம் போகப் போகப் பால் ஜாஸ்தி. இடது முன்னங்கால் மட்டும் முட்டி வரைக்கும் வெள்ளை. சுண்ணாம்பு வாளிக்குள்ள விட்டு எடுத்த மாதிரி இருக்கும். வலது காதுக்குள்ள கறுப்பு, இடது காதுக்குள்ள கிடையாது. நெத்தியில ஒரு வெள்ளைக் கோடு இறங்கும், மூக்குக்கு வர்றதுக்குள்ள வலப்பக்கம் சாஞ்சிடும். வால் நுனியில ஏழெட்டு வெள்ளை முடி. அதுக்காக வெள்ளை வால்னு எழுதிடாதீங்க.”

“நான் இன்னும் எதையுமே எழுதலம்மா.”

“அப்ப நல்லதாப் போச்சு.”

குமாஸ்தா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இனம்?”

“கலப்பு.”

“என்னென்ன கலப்பு?”

“அதோட அப்பன் யாருன்னு அதோட அம்மாவுக்கே தெரியுமோ என்னவோ! என்னைக் கேட்டா?”

தலையெழுத்தே என்று எழுந்து உள்ளே போனார் குமாஸ்தா. நாலாவது கூண்டில் அது இருந்தது. முதுகு தேநீர், கால் சுண்ணாம்பு. காதைப் புரட்டிப் பார்த்தார், கறுப்பு. குனிந்து வால் நுனியில் முடி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான், இருபது வருடச் சர்வீஸில் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று அவருக்கே எரிச்சல் வந்தது. அந்த நேரம் பார்த்து நாய் அவர் காதை நக்கியது.

காதைத் துடைத்தபடி திரும்பி வந்து உட்கார்ந்தார். “எல்லாம் ஒத்துப்போகுது. பேரு?”

“சனியன்.”

குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார்.

“அப்படித்தான் கூப்பிடுவேன். உடனே திரும்பிப் பார்க்கும்.”

“வீட்டுல எத்தனை பேர்?”

“நான் ஒருத்திதான்.”

“தடுப்பூசி அட்டை?”

“இல்ல.”

“உரிமம்?”

“இல்ல.”

“ஒரு போட்டோவாவது?”

“இல்ல தம்பி.”

“ஒண்ணுமே இல்லாம எப்படிம்மா கொடுக்கறது? வாலைப் பார்த்து வெச்சுக்கிட்டு யார் வேணும்னாலும் வந்து என் நாய்னு சொல்லலாமே!” குமாஸ்தாவின் குரல் உயர்ந்துவிட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் நாய்கள்கூட ஒரு கணம் அடங்கின.

“காலையில டாண்ணு அஞ்சே முக்காலுக்கு வாசல்ல ஆரம்பிக்கும் பாருங்க, நான் கதவைத் திறக்கற வரைக்கும் குரைப்பு நிக்காது. வீட்டுல ஒரு செருப்பை முழுசா விட்டு வெக்கல. இந்த மூணு நாளா அஞ்சே முக்காலுக்கு எனக்குத் தானா முழிப்பு வந்துடுது. ஒரு சத்தமும் இல்ல.” அந்த அம்மாள் கைப்பையின் வாரைத் திருகினார். “ராத்திரி வரைக்கும் வாயைத் திறக்க ஒரு வேலையும் இல்ல தம்பி.”

குமாஸ்தாவுக்கு மனசு இளகியது. இளகியதே என்று கோபமும் வந்தது. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது. இன்றைக்கென்று பத்து நிமிடம் முன்னாலேயே வந்து தொலைத்திருக்கிறது.

“சரி, விதிப்படி ஒரே ஒரு வழி இருக்கு. நாய் பிடிபடறதுக்கு முன்னாடி தேதி போட்டு, இந்த அடையாளமெல்லாம் எழுதி, உங்க கையெழுத்தோட ஒரு காகிதம் இருந்தாப் போதும். டாக்டர் சீட்டு, கடிதம், எதுவா இருந்தாலும் சரி. இருக்கா?”

அந்த அம்மாள் முதல்முறையாகத் தயங்கினார். “இருக்கு. பதினாலு இருக்கு.”

“வீட்டுலயா? போய் எடுத்துட்டு வர நேரமில்லையே!”

“வீட்டுல இல்ல. உங்க பின்னாடி இருக்கற அலமாரியில, அந்தச் சிவப்பு நாடா கட்டின கட்டு.”

குமாஸ்தா குழப்பத்தோடு கட்டை இழுத்துப் பிரித்தார். மேலாக இருந்த கடிதத்துக்குப் போன வாரத் தேதி.

‘ஐயா, தேநீர் நிற முதுகும், வெள்ளை இடது முன்னங்காலும், வால் நுனியில் ஏழெட்டு வெள்ளை முடியும் உடைய தெருநாய் ஒன்று தினமும் விடியற்காலையில் என் வாசலில் வந்து குரைத்து உயிரை வாங்குகிறது. இந்தச் சனியனை உடனே பிடித்துக்கொண்டு போகும்படி பதினான்காவது முறையாகக் கேட்டுக்கொள்கிறேன்.’

“கையெழுத்து ஒத்துப்போகுதா தம்பி?” என்றார் அந்த அம்மாள், தலையை நிமிர்த்தாமல்.