மறுப்புப் பொத்தான்

குரல் போன இசக்கியம்மாளுக்குக் கையடக்க விளையாட்டுக் கருவிதான் வாய். இரண்டிரண்டு பொத்தானாகச் சேர்த்து அமுக்கினால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு பேச்சு வரும்; அதில் ஒரு ஜோடி “சம்மதம்” என்று பேசும். கூடவே மறுப்புப் பொத்தானையும் அமுக்கினால் “சம்மதமில்லை.”

அன்று காலை அண்ணன் வேலாயுதம் பழைய கருவியைப் பிடுங்கிக்கொண்டு புதுசு ஒன்றைக் கொடுத்தான். கையோடு பத்திரப்பதிவு அலுவலகத்துக்கும் கூட்டிவந்துவிட்டான்.

“அப்பா வீட்டுல உங்க பங்கை அண்ணனுக்கு விட்டுக்கொடுக்கச் சம்மதமாம்மா?” என்று கேட்டார் பதிவாளர் அம்மா.

மூன்றையும் அமுக்கினாள். “சம்மதம்” என்றது கருவி. பதறிப்போய் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

“தலையாட்டுறது செல்லாதும்மா, பேச்சுதான் செல்லும்.”

நகம் வெளுக்க அமுக்கினாள். “சம்மதம்.”

“அதான் சொல்லிட்டாளே மேடம், பதிவு பண்ணுங்க” என்றான் வேலாயுதம்.

இசக்கியம்மாள் விருட்டென்று எழுந்து, பதிவாளரின் விரல்களையே பிடித்து மூன்று பொத்தான்மேலும் வைத்து அழுத்தினாள். “சம்மதம்” என்றது கருவி.

பதிவாளர் ‘மறுப்பு’ என்று எழுதியிருந்த பொத்தானைத் தானே அழுத்திப் பார்த்தார். தனியே அழுத்தினால் அதன் விளக்கு எரிந்தது; மற்ற இரண்டோடு சேர்த்து அழுத்தினால் எரியவில்லை. “ஒரே நேரத்துல ரெண்டுக்கு மேல எடுக்காத கருவியா பாத்து வாங்கிக் கொடுத்தீங்களாக்கும்?” என்று கேட்டுப் பத்திரத்தைத் திருப்பித் தள்ளினார்.

வேலாயுதத்துக்கு முகம் செத்துப்போனது. இசக்கியம்மாள் கருவியை எடுத்து வேறு இரண்டே பொத்தானை அமுக்கினாள்.

“நம்ம வீட்டுக்குப் போலாம்ணே.”