அக்காவின் பரண்

அக்காவின் கணினியை மூட்டை கட்டும் வேலை தம்பியின் தலையில் விழுந்தது. கார் வர இன்னும் அரை மணி நேரம்.

“டேய் குரங்கு, ஒயரைப் பிடிச்சு இழுக்காத, கழட்டு. ரெண்டும் வேற வேற!” என்று உள்ளறையில் துணி மடித்துக்கொண்டே கத்தினாள். பிழை திருத்துவது அவள் தொழில். வீட்டிலும் அதற்கு விடுமுறை கிடையாது.

அவள் போகிற ஊரில் புது வேலை, தனி அறை, அறைக்கென்று தனி இணைய இணைப்பு. அங்கே ஒரு சினிமா நான்கு நிமிடத்தில் இறங்கிவிடுமாம். இதை அவள் பெருமையாகக்கூடச் சொல்லவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

இந்த வீட்டில் நான்கு நிமிடத்தில் இறங்கக்கூடியவர், மாடியிலிருந்து அப்பா மட்டும்தான்.

அதனால் இங்கே ஒரு சட்டம் உண்டு. எந்த மென்பொருளும் இணையத்திலிருந்து ஒரே ஒரு தடவைதான் இறங்கும். அதுவும் அக்காவின் கணினியில். இறங்கிய கோப்புகளை அவள் ஒரு ஃபோல்டரில் சேர்த்துவைப்பாள். அதற்குப் பரண் என்று பெயர். சுவரோரமாகப் போகும் ஒயர் வழியாகத் தம்பியின் கணினி பரணிலிருந்து வேண்டியதை எடுத்துக்கொள்ளும்.

சட்டம் போட்டவள் அவள். ஏன் உன்னுடையதில் மட்டும் என்று இவன் கேட்டதற்கு, உன் கணினியில் விளையாட்டுகள் போக மூச்சுவிட இடமில்லை என்றாள். உண்மைதான். உண்மையாக இருந்ததால் இன்னும் எரிந்தது.

இரண்டு வருடமாக இதே கதை. படம் வரையும் மென்பொருளில் புதிய பதிப்பு வந்துவிட்டது என்று கல்லூரியில் எவனாவது சொல்வான். இவன் வீட்டுக்கு ஓடிவந்து பார்த்தால், அது பரணில் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். இசை கோர்ப்பது, வீடியோ வெட்டுவது, எதுவானாலும் அவளிடம்தான் முதலில். பந்தி முடிந்து வந்தவனைப்போல இவன் மிச்சத்தை வழித்துக்கொள்வான்.

ஒரே ஒரு தடவை அவளை முந்தப் பார்த்தான். சட்டத்தை மீறி நேரே இணையத்திலிருந்து இறக்கினான். தொண்ணூற்றேழு சதவீதம் வந்தபோது அம்மா பாட்டு வகுப்பு வீடியோவைத் திறந்தாள். அறுந்தது.

இரண்டு நாள் கழித்து அதே கோப்பு பரணில் இருந்தது. அவனை வெறுப்பேற்றத்தான் என்று முடிவு செய்தான்.

“உங்கக்கா என்னிக்காவது எனக்குத்தான் முதல்லன்னு கேட்டிருக்காளாடா?” என்பாள் அம்மா. அவள் எதற்குக் கேட்க வேண்டும், எல்லாம்தான் தானாகப் போய்ச் சேர்கிறதே என்று நினைத்துக்கொள்வான்.

இப்போது பரணையும் தூக்கிக்கொண்டு கிளம்புகிறாள்.

அடுத்த வாரம் அவன், விளையாட்டுகளால் திணறும் தன் கணினியை மொத்தமாகத் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் புதிதாக ஏற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய கடைசிக் குறும்படம். பரண் இல்லாமல் இந்த இணைப்பை நம்பி ஏற்றினால், படம் முடிவதற்குள் கூடப் படித்தவர்களுக்குக் குழந்தை பிறந்துவிடும்.

பரணை எனக்குக் கொடு என்று கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை. எனக்கு இல்லாதது உனக்கும் வேண்டாம் என்பது மட்டும் தெளிவாக மனதில் வந்தது.

ஒயரைக் கழற்றுவதற்கு முன்னால் கணினியைப் போட்டான். பரணைத் திறந்தான். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தான். நிரந்தரமாக அழிக்கலாமா என்று கணினி கேட்டது. நிச்சயமாகவா என்று மறுபடியும் கேட்டது. அந்த வீட்டில் அவனிடம் இரண்டு தடவை அபிப்பிராயம் கேட்டது அது ஒன்றுதான்.

நிச்சயமாக.

இரண்டு வருடமாகச் சேர்ந்தது ஆறு நிமிடத்தில் கரைந்தது. கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாகத் திரையில் தோன்றி மறைந்தன. குளுகுளுவென்று இருந்தது. அப்புறம்தான் பெயர்களைப் படித்தான்.

எல்லாப் பெயர்களும் 64 என்று முடிந்தன.

64 என்று முடிகிற கோப்பு புது ரகக் கணினியில்தான் ஓடும். அக்காவுடையது, அப்பாவின் அலுவலகத்தில் கழித்துப்போட்ட பழைய ரகம். இந்தக் கோப்புகளை அதில் சேர்த்துவைக்கலாம், ஓட்ட முடியாது. பழைய ரகத்துக்கான கோப்புகளை உலகம் தயாரிப்பதை நிறுத்தியே இரண்டு வருடமாகிறது. இதெல்லாம் அவனுக்குத் தெரியாத விஷயமில்லை. பரணை ஒரு நாளும் உற்றுப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

வீட்டில் புது ரகம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்லூரியில் சேர்ந்தபோது இவன் அடம்பிடித்து வாங்கியது.

கதவருகே அக்கா நின்றாள். கையில் இன்னும் பிரிக்காத சின்ன அட்டைப்பெட்டி.

“இந்தா, ஹார்ட் டிஸ்க். பரணை அப்படியே இதுல ஏத்திக்கோ. உன்னோடதுல இடமிருக்காதுன்னு தெரியும். சீக்கிரம்டா!”

வாங்கிக்கொண்டான். பிரித்தான். செருகினான். திரையைக் கதவுக்குத் தெரியாதபடி திருப்பி வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தான். திரையில் ஒரு ஜன்னலில் காலிப் பரண், இன்னொன்றில் காலி டிஸ்க். முக்கால்வாசி ஏறிவிட்டதைப் பார்க்கிறவனைப்போல இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான்.

வாசலில் ஹாரன் அடித்தது. பெட்டியைத் தூக்க வரச் சொல்லி அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள்.

அக்கா பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டாள். டிரைவரைக் கொஞ்சம் நிற்கச் சொன்னாள்.

“அவனைக் கூப்பிடாதம்மா” என்றாள். “ஏறிக்கிட்டிருக்கு.”