கடைசியாகப் பார்த்தது

மாலை ஏழு மணிக்கு பஸ் டிரைவர் வீட்டுக்குள் நுழைந்தபோது, மனைவி மகனுடைய வீடியோ கேம் பெட்டியை டிவியில் போட்டிருந்தாள். மகன் கோபித்துக்கொண்டு போய் ஒரு வருடமாகிறது. பழைய போன் நம்பரும் இப்போது வேலை செய்வதில்லை. அந்தப் பெட்டியில் படம் பார்க்கும் கணக்கு மட்டும் அவன் பெயரில் இருந்தது. கடைசியாகப் பார்த்தது எது என்று அது காட்டும்.

"இன்னிக்கும் ஒரு எபிசோட் பாத்திருக்கான்."

"கழுதை, எங்க இருந்தாலும் படத்தை மட்டும் விடமாட்டான். நீ கவலைப்படாதே."

சட்டையைக் கழற்றி மாட்டினார். மதியச் சாப்பாட்டு நேரத்தில், டிப்போவில், தன் செல்போனில் அந்தக் கணக்கைத் திறந்து தினமும் ஒரு எபிசோடை ஓடவிடுபவர் அவர்தான்.

மனைவி திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவனுக்கு அழுமூஞ்சிக் கதையே பிடிக்காதுங்க. நாளைக்காவது சண்டைப் படமா எதையாவது பாருங்களேன்."