கைப்பிடி

மாடியில் ஓர் அறை கட்டுவதற்காகச் சேர்த்த சீட்டுப் பணத்தில்தான் குளியலறையைத் திருத்தினார்கள். நோயில் கிடந்த தமயந்திக்கு அப்போது முதுகு நிமிராது. டைல்ஸ் போட வந்தவர் அவளைச் சுவரோரம் நிற்க வைத்து, கை எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். அந்தக் கோட்டில் எஃகுக் கைப்பிடியைப் பொருத்தினார்.

பதினான்கு மாதங்களில் முதுகு நிமிர்ந்துவிட்டது. கைப்பிடி இப்போது அவள் தொடையருகே இருந்தது.

“இதைக் கழட்டிடலாங்க” என்றாள்.

கணவர் ஞானசேகர் சுவரைத் தடவிப் பார்த்தார். “ஓட்டை அசிங்கமாத் தெரியும். இந்த டைல்ஸ் இப்ப வர்றதில்ல. இருந்துட்டுப் போகட்டும். மறுபடி தேவைப்பட்டா, அதுக்கு வேற செலவு பண்ணணுமா?”

அவள் சரி என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்திருந்தாள். ஞானசேகர் வீட்டைச் சுற்றிக் காட்டிக் குளியலறைக்கு அழைத்து வந்தார். “அக்காவுக்குப் பிடிச்சுக் காட்டு.”

தமயந்தி பழையபடி குனிந்து கைப்பிடியைப் பிடித்தாள்.

“அளவு எடுத்து வெச்ச மாதிரி இருக்குடா” என்றாள் நாத்தனார்.

அவர்கள் அடுத்து சமையலறையைப் பார்க்கப் போனார்கள். தமயந்தி இன்னும் நிமிரவில்லை.